தாத்தா படத்தில் இன்னொருவர் பதக்கம்

இராஜபாளையம்
18.2.2024

அன்புத் தங்கை நாச்சியாருக்கு,

அண்ணன் சீனிச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் மதினி ஜெயசித்ராவும் சுகம். நீ, இந்து, உன் மாமியார் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

மில்லில் முப்பது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்ற புண்ணியத்தில் என் காது முழுசாகப் போய்விட்டது. போனில் பேசினால் எதிராளிக்குத்தான் தண்டனை. செல்லில் எழுத்தைத் தடவித் தடவி எழுத எனக்குப் பொறுமையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் உன் வாசலுக்கு நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாய். தபால்காரர் வரலாம் அல்லவா?

மாப்பிள்ளை மாரிசெல்வத்துக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்களைக் கூட்டி வைத்து நான் பேசியதையும், நீ பாதியில் எழுந்து போனதையும் பற்றி எழுதப் போவதில்லை. விஷயம் வேறு.

சின்னக்கருப்பன் தாத்தா படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. அதற்குக் கீழே துணியில் குத்தியிருக்கும் பதக்கங்களையும் இந்தச் சாக்கில் ஒழுங்காகக் கோர்த்து வைக்கலாம் என்று ரிட்டயர்டு சுபேதார் பால்சாமியிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கொடுத்த, நட்சத்திரம் போன்ற மூன்றின் முதுகிலும் தாத்தாவின் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கிறது. நடுவில் ஒரு கறுப்புச் சிலுவை இருக்குமே, அதில் 1914 என்று போட்டிருக்கிறது. பால்சாமி ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார்: "ஏலே சீனி, ஒங்க தாத்தா பொறந்தது எப்போ?"

தாத்தா பிறந்தது 1919. சிலுவையின் முதுகில் "கே. ஹௌக், 1917" என்று இங்கிலீஷ் எழுத்தில் கீறியிருக்கிறது. கூடவே இருக்கும் சின்ன ரிப்பன் பட்டையும் நம்முடையது இல்லையாம். இரண்டும் ஒரு ஜெர்மன் பட்டாளத்துக்காரனுடையவை என்கிறார்.

ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை அப்பா அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்துக் கும்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்குப் பிறகு நானும் அதையே செய்தேன். ஹிட்லர் ஆளுக்கா இத்தனை வருஷமும் பொட்டு வைத்தோம்? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இதை என்ன செய்யலாம்? நீ சரித்திரம் நடத்துகிற டீச்சர், சொல்லு.

இந்துவுக்கு மாமாவின் முத்தங்கள்.

அண்ணன்
சீனிச்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.3.2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மதினியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அந்தச் சிலுவையையும் ரிப்பனையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பாலீஷ் போட வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் காட்ட வேண்டாம். பால்சாமி மாமா கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

நாச்சியார்


இராஜபாளையம்
10.3.2024

பாசமுள்ள நாச்சியாருக்கு,

இறைவன் அருளால் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன். மதினியின் முழங்காலுக்குத் தைலம் தடவித் தடவி வீடே வைத்தியசாலை மாதிரி மணக்கிறது.

நாலு வரியில் கடிதம் எழுதும் கலையை யாரிடம் கற்றாயோ! பரவாயில்லை, நாலு வரியாவது வந்தது. கேட்டதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து ஊருக்கு இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறவர் நீர் ஒருவர்தான் என்பது போல் போஸ்ட் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மம்சாபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வந்திருந்தார். உன் மாமியார் மாரியாத்தாள் இப்போதெல்லாம் சாப்பிடும்போது சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாராம். "எம்மவன் சோறு தண்ணியில்லாம அலையுதான், எனக்கு எப்படி எறங்கும்" என்கிறாராம். இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.4.2024

அண்ணனுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்று. அருணாச்சலத்தில் பாலத்தோடு ஆற்றில் விழுந்த லாரியில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் கிடைத்தார்கள். கிடைக்காதவரைப் பற்றிப் பட்டாளத்தில் கொடுத்த காகிதத்தில் "காணவில்லை" என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். நான் அந்தக் காகிதத்தோடு நிற்கிறேன். பிறகு வந்த காகிதங்களைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். சோறு தண்ணியில்லாமல் அலைகிறார் என்று சொல்வதற்கு யாரிடம் என்ன சாட்சி இருக்கிறது?

இனி பதக்கம். முதல் உலகப் போரில் ஜெர்மனி கொடுத்த சிலுவை அது. அரசாங்கம் அதில் பெயர் வெட்டுவதில்லை, வாங்கியவர்கள் சிலர் தாங்களே வெட்டிக்கொள்வார்கள். ஆகவே ஹௌக் என்பது அவர் பெயர்தான். ரிப்பன் பட்டையில் இரண்டு நிறம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை இந்தச் சிலுவைக்கு உரியது. மஞ்சளில் ஓரங்களில் கறுப்புக் கோடு போட்டது வூர்ட்டம்பெர்க் என்ற பகுதிக்காரர்களுக்குக் கொடுத்தது. ஊர் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. போரில் தொலைந்துபோனவர்களைத் தேடித்தரும் ஜெர்மன் அமைப்பு ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன்.

அவர் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டார் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் அதைத்தான் நடத்துகிறேன். அதற்காக வீட்டில் காத்திருந்தவர்களுக்குத் தகவல் சொல்லாமல் விடலாமா?

இது தாத்தா கைக்கு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். ஆலங்குளம் அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். தாத்தாவின் மக்களில் அத்தை ஒருவர்தானே மிச்சம்.

நாச்சியார்


இராஜபாளையம்
12.5.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. இந்துவை மோர் குடிக்கச் சொல்.

ஆலங்குளம் போய் வந்தேன். வேலுத்தாய் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் இருபதில் நிற்கிறது. அத்தை கத்தியது தெருவுக்கே கேட்டது. எனக்கும் கொஞ்சம் கேட்டது. கேட்காததை அத்தை மகன் எழுதிக் காட்டினான்.

நம் வீட்டில் ஆடி அமாவாசைக்கு இரண்டு இலை போடுவோமே, சின்ன வயதில் செத்துப்போன பெரியத்தைக்கு இரண்டாவது இலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம் அல்லவா? நான் பதக்கத்தைப் பற்றிக் கேட்டால் அத்தை இலையைப் பற்றிப் பேசுகிறார்.

"ஏலே, அந்த எலை எங்கய்யா மண்ணு போட்ட ஆளுக்குடா. இத்தாலியில ஒரு ஆத்தங்கரையில கெடந்துருக்கான். வயசாளி. வயித்துல குண்டு. எங்கய்யா தண்ணி குடுத்துட்டு விடியுற வரைக்கும் பக்கத்துலயே இருந்துருக்காவ. பாஷை தெரியாது. மார்த்தா, மார்த்தான்னு அது ஒண்ணைத்தான் சொன்னானாம். நம்மூரு வேதக்காரப் பொம்பளப் பேரு மாதிரி இருந்ததால எங்கய்யாவுக்கு மறக்கல. பொறவு அடங்கிட்டான். எங்கய்யாதான் குழி தோண்டிப் பொதச்சாவ. சட்டையில கெடந்தத ஆபீசர்ட்ட குடுக்கணும்னு எடுத்து வச்சிருக்காவ. மறுநா அந்த ஆபீசரும் செத்துட்டாரு. ஆரு கிட்ட குடுக்க?"

அத்தை குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு சொன்னதை மகன் எழுதிக் காட்டினான். "அவன் செத்தது அவன் வீட்டுக்குத் தெரியாது. தெரியிற வரைக்கும் நம்மதான் சோறு வைக்கணும்னு எங்கய்யா சொல்லுவாவ."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கண்ணைத் துடைத்து மாளவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்தே செய்திருக்கிறார், நாச்சி. நாம்தான் தெரியாமல் செய்திருக்கிறோம்.

உன்
அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.8.2024

அண்ணனுக்கு,

நலம். மாமியார் இப்போது அதிகம் நடமாடுவதில்லை. உங்கள் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து பதில் வந்துவிட்டது. கார்ல் ஹௌக். 1896இல் பிறந்தவர். இரண்டு போர்களிலும் இருந்திருக்கிறார். இரண்டாவதில் கேப்டன். வூர்ட்டம்பெர்க்கில் ஒரு சின்ன ஊர். 1944 மே மாதத்திலிருந்து இத்தாலியில் காணவில்லை. அவர்களுடைய பட்டியலில் இன்றைக்கும் அவர் பெயருக்கு நேராகக் "காணவில்லை" என்றுதான் இருக்கிறதாம்.

எண்பது வருஷம், அண்ணே. அந்த ஒரு சொல்லை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாரிசுகள் யாரும் இருந்தால் என் முகவரியைக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். காத்திருக்கிறேன். இந்த அமாவாசைக்கும் வீட்டில் இரண்டு இலை போட்டீர்களா?

நாச்சியார்


இராஜபாளையம்
20.8.2024

பிரியமுள்ள நாச்சியாருக்கு,

நாங்கள் சுகம். உன் மாமியாருக்குக் கஞ்சியில் கொஞ்சம் பாசிப்பயறு சேர்த்துக் கொடு, தெம்பாக இருக்கும்.

இரண்டு இலை போட்டோம். இந்த முறை யாருக்கு என்று தெரிந்து போட்டதால் மதினி உருளைக்கிழங்குப் பொரியல் வைத்தாள், வெள்ளைக்காரருக்குப் பிடிக்குமாம். இவள் கேட்டுக்கொண்டு வந்தாளா என்ன!

இந்து நன்றாகப் படிக்கிறாளா? அவளை ரொம்பக் கடிந்துகொள்ளாதே. பிள்ளை முகம் வாடினால் நமக்குத்தான் தாங்காது. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் மதினிக்கும் என் வணக்கம். மழைக்காலம், இருமல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ல் ஹௌக்கின் பேத்தி எழுதியிருக்கிறார். பெயர் மார்கிட். வயது எழுபதுக்கு மேல், நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் கடிதத்தில் பதக்கத்தைப் பற்றியும் தாத்தா அவரைப் புதைத்ததைப் பற்றியும் மட்டும் எழுதியிருந்தேன், அந்தப் பெயரை எழுதவில்லை. உங்கள் பாட்டியின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டிருந்தேன். தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே.

பாட்டியின் பெயர் மார்த்தா.

அந்தம்மாள் 1979 வரை இருந்திருக்கிறார். வருஷா வருஷம் குளிர் தொடங்கும் முன் கணவருடைய மேல்கோட்டை எடுத்துத் தூசி தட்டி வைப்பாராம். போரில் செத்தவர்களின் பெயர்களை ஊரில் கல்லில் வெட்டியபோது, என் புருஷன் பெயரை வெட்டக் கூடாது என்று போய்ச் சண்டை போட்டாராம். இன்றைக்கும் அந்தக் கல்லில் அவர் பெயர் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், மார்கிட்டின் அம்மா. அப்பா காணாமல் போனபோது அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. மார்கிட் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: "என் அம்மா தன் அப்பாவுக்காகக் கடைசி வரை அழவே இல்லை. நீ அழுதால் அவரைக் கொன்றதாக ஆகிவிடும் என்று பாட்டி சொல்லியிருந்தார். அம்மா சாகக் கிடந்தபோது, இப்போதாவது அழலாமா என்று என்னைக் கேட்டார்."

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் சாகும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள், எங்கள் தாத்தா தண்ணீர் கொடுத்துவிட்டு விடியும்வரை இருந்தார், அவர் உங்கள் பாட்டியின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எழுதிவிட்டேன். இரண்டாவது இலையைப் பற்றியும் எழுதினேன். எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு கடிதம் எனக்கு வருவதற்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவேன்.

இந்து அப்பாவுடைய செல் நம்பருக்கு நான் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன், அண்ணே. யாருக்கும் தெரியாது. மார்த்தா கோட்டைத் தூசி தட்டியதும் இதுவும் ஒன்றுதான்.

நாச்சியார்


இராஜபாளையம்
25.11.2024

நாச்சி,

சுகம் விசாரிக்கத் தெரியவில்லை எனக்கு. கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டப் போய், பாதியில் அவள் வாங்கி வாசித்தாள்.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். ரீசார்ஜ் செய். நிறுத்தச் சொல்ல நான் யார்? அன்றைக்கு ஊரைக் கூட்டி உட்கார வைத்தேனே, உன்னைத் தனியாக உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.1.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். மதினியின் கால் எப்படி இருக்கிறது? மாமியார் படுக்கையில்தான் இருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது.

சிலுவையையும் ரிப்பன் பட்டையையும் டிசம்பரில் ஜெர்மனிக்கு அனுப்பினேன். கிடைத்துவிட்டது. மார்த்தாவின் கல்லறையில் இன்னொரு பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா குழி தோண்டிய ஆற்றங்கரையின் மண் கிடைக்குமா என்று தேடப் போகிறார்களாம்.

பொங்கலன்று மார்கிட்டின் கடிதத்தை இந்துவுக்குக் கொடுத்தேன். அது வரைக்கும் காட்டவில்லை. படித்தாள். "நானும் அப்படித்தான்மா கேக்கணுமா?" என்றாள். அவளுக்கும் அப்போது பதினான்கு வயதுதான். செய்தி வந்த அன்று அழுதவளை நான் அறைந்தேன். அப்பா வரப்போகிறார், எதற்கு இழவு வீடு மாதிரி அழுகிறாய் என்றேன். அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் அவள் என் முன்னால் அழுததில்லை. தைரியசாலிப் பெண் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னாள். ஆடி அமாவாசைக்கு என்னிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். அப்பாவுக்கும் ஓர் இலை போடுங்கள் மாமா என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். "ஒங்கம்மா சொல்லாம நா வைக்க மாட்டேன் தாயி, ஒங்கப்பாவுக்கு அவதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நீங்களும் அவளோடு உட்கார்ந்து அழுதீர்களாம். எனக்கு எழுதிய கடிதத்தில் உருளைக்கிழங்குப் பொரியலைப் பற்றி எழுதினீர்கள். இதை எழுதவில்லை.

அன்று இராத்திரி என் மடியில் தலையை வைத்து அவள் அழுதாள். நானும் அழுதேன். உள்ளே மாமியார் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அடக்கிவிட்டுப் போய்ப் பார்த்தால், "இப்பத்தான் எம்மவனுக்கு வீடு திறந்திருக்கு" என்றார்.

அவர் செத்துப்போய்விட்டார், அண்ணே. எழுதிப் பார்க்கிறேன். மாரிசெல்வம் செத்துப்போய்விட்டார்.

தை அமாவாசை இருபத்தொன்பதாம் தேதி. மம்சாபுரம் கண்மாய்க்கரையில் கருமாதி வைத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். தர்ப்பையில் உருவம் செய்து, இந்து கொள்ளி வைக்கிறாள். மாமியாரைக் கட்டிலோடு தூக்கி வந்து காட்டப்போகிறோம்.

தாலியை இறக்கும்போது என் மேல் முதலில் விழ வேண்டியது பிறந்த வீட்டுக் கோடி. அது அண்ணன் கையால் வர வேண்டும். நான் உங்கள் வாசலுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும். கால் வரவில்லை. கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வாங்கண்ணே.

உங்கள்
நாச்சியார்


இராஜபாளையம்
20.1.2025

என் தங்கமே நாச்சி,

கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறியிருப்பேன். வெறுங்கையோடு வரக்கூடாது என்று மதினி பிடித்து வைத்தாள். இருபத்தெட்டாம் தேதி சாயங்காலமே இரண்டு பேரும் அங்கே இருப்போம்.

இன்று ஜவுளிக்கடைக்குப் போனேன். உன் கல்யாணத்துக்கும், இந்து பிறந்தபோதும், வருஷா வருஷம் பொங்கல் சீருக்கும் எடுத்த அதே கடை. மூன்று வருஷமாக நான் போகவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். எனக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியும், பில் துண்டில் எழுதிக் காட்டினார்: "தங்கச்சிக்குத்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மனிதர் சந்தோஷமாகப் போய், ஜரிகை போட்டதாக, மயில் கழுத்து நிறத்தில், அரக்கில், மாம்பழ மஞ்சளில் எல்லாம் எடுத்து என் முன்னால் விரித்துப் போட்டார். உனக்கு எது பொருந்தும் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது இல்லை, கோடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நாச்சி.